அங்கீகரிக்கப்பட்ட எரிந்த மோட்டார்

லாரிக் கண்ணாடியத் தொடைக்கிற வைப்பர் மோட்டாருல மூணு ஒயரு, நாலு போல்ட்டு. கரண்டு குடுத்தா சுத்தும். எரிஞ்சுபோனா சுத்தாது. இதுக்கு மேல அதப் பத்தி ஒரு மனுசன் தெரிஞ்சுக்க வேண்டியது எதுவும் இல்ல. இந்த உண்மைய நான் போன வருசம் ஒரு சபையில மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன். நாப்பது பேரு குறிப்பெடுத்தாக. ஒருத்தர் கையத் தூக்கி, ரெண்டாவதாச் சொன்னத இன்னொரு தடவ சொல்லணும்னு கேட்டுக்கிட்டாரு. அன்னையிலருந்து எனக்கு வல்லுநர்னு பேரு.

என் பேரு ஜாஸ்பர். தேனி பஜாருக்குப் பின்னால பழைய லாரி சாமான் கடை, முப்பத்தொரு வருசமா. நம்ம கடைக்கு லாரிக்காரகளத் தவிர வேற யாரும் வர மாட்டாக. அதனால நாகஜோதி வந்து வைப்பர் மோட்டார் ஒண்ணு வேணும்னு கேட்டப்ப, வண்டி எந்த மாடல்னு கேட்டேன். வண்டி இல்ல அண்ணாச்சி, திராட்சத் தோட்டம்னாக.

கம்பம் ஊருக்குத் தெக்க ஒண்ணேகால் ஏக்கரு, பன்னீர் திராட்ச. திராட்சத் தோட்டத்தத் தூரத்துலருந்து பாத்தா குளுகுளுன்னு இருக்கும். உள்ள போனாத்தான் தெரியும். ஆள் உசரத்துக்குக் கல்தூண் நட்டு, மேல கம்பி இழுத்து, கொடி பூராவும் தலைக்கு மேல படர்ந்து கெடக்கும். மருந்து அடிக்கிறவன் அண்ணாந்துதான் அடிக்கணும். அடிச்சதுல பாதி கொடிக்கு, பாதி அவன் மூஞ்சிக்கு. நாகஜோதியோட வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி பதினாறு வருசம் அப்படி அடிச்சாரு. இப்ப நாலு படி ஏறுறதுக்கு மூணு தடவ நிக்கிறாரு. டாக்டர் நெஞ்சப் படம் எடுத்துப் பாத்துட்டு, இன்னொரு தடவ மருந்தோட பந்தலுக்குள்ள எறங்குனா அதுக்கப்புறம் எங்கிட்டக் கூட்டிட்டு வராதீகன்னு சொல்லிட்டாராம்.

கூலிக்கு ஆளு விட வேண்டியதுதானன்னு கேட்டேன். மழ பேஞ்சா மறுநாளே அடிச்சாகணும், ரெண்டு நாள் விட்டா எலைக்கு அடியில சாம்பல் பூத்துப் பூவு பிஞ்செல்லாம் கருகிரும், மழ எல்லாத் தோட்டத்துலயும் ஒரே நாளுதான் பெய்யுது, அன்னைக்கு ஆளுக்கு எங்கிட்டுப் போறதுன்னாக. நியாயந்தான்.

அதனால ஒரு வண்டி செஞ்சிருந்தாக. வெளிநாட்டுல எவனோ ஒருத்தன் ஆப்பிள் தோட்டத்துக்குச் செஞ்ச மருந்து வண்டியோட படம், அளவு, ஒயரு போற பாதை எல்லாத்தையும் நெட்டுல போட்டு வச்சிருக்கானாம். யாரு வேணும்னாலும் பாத்துச் செஞ்சுக்கலாம், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தன: நீ எதையாச்சும் மாத்துனா, மாத்துனதையும் எல்லாரும் பாக்குற மாதிரி போட்டுறணும். இதுக்குப் பேரு ஓப்பன் சோர்ஸ்னாக. என் ஆயுசுல இப்படி ஒரு யாவாரத்தக் கேள்விப்பட்டதில்ல. கிறுக்குப்பய போலருக்குன்னு நெனச்சுக்கிட்டு, மோட்டார மட்டும் நல்லதாப் பொறுக்கிக் குடுத்தேன்.

சைக்கிள் சக்கரம் நாலு, பேட்டரி ரெண்டு, நடுவுல மருந்து டேங்கு, மேல பாத்த மாதிரி மருந்தப் பீச்சுற ஆறு நாசில். வரிசையில தன்னால போகும். கடேசிக் கல்தூணுல முட்டுனா தன்னால திரும்பி வரும். நான் ஒரு நாள் நேர்ல போய்ப் பாத்தேன். நாகஜோதி வெளிய வரப்புல குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக, உள்ள ஆளில்லாம வண்டி அடிச்சுக்கிட்டுப் போகுது. ஈஸ்வரபாண்டி வேலிக்கு இங்கிட்டுக் கட்டில்ல உக்காந்து, வண்டி போற பக்கமெல்லாம் தலையத் திருப்பிக்கிட்டிருந்தாரு. சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு ரொம்ப நேரம் இருமுனாரு. அந்தப் போகம் திராட்சக் குலை நல்லா வந்துச்சு. நாகஜோதி தான் மாத்துனதையெல்லாம் படம் பிடிச்சு, சொன்ன சொல்லுக்கு நெட்டுலயும் போட்டுட்டாக.

வண்டி ஓடுனதுதான் வினையாப்போச்சு.

தோட்டத்துப் பம்பு செட்டப் பரிசோதிக்க வந்த மின்சார அதிகாரி, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டிருந்த ஒயரப் பாத்துட்டாரு. விவசாயத்துக்குக் குடுக்கிற இலவச மின்சாரம் பம்புக்கு மட்டுந்தான். இது என்னம்மான்னு கேட்டாரு. வண்டின்னாக. வண்டின்னா விதிமீறல், பம்போட சேத்துக் கரண்டக் கட் பண்ணணும், வேளாண் கருவின்னு சான்று வாங்கிட்டு வந்தா விட்டுறலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பம்புக் கரண்டக் கட் பண்ணுனா கொடி பத்து நாள்ல வாடிரும். நாகஜோதி ஆபீஸ் ஆபீஸா ஏறுனாக. வண்டிகளுக்கான ஆபீஸ்ல, உக்கார சீட்டு இல்லாததால இது வண்டி இல்லன்னுட்டாக. கருவிகளுக்கான ஆபீஸ்ல, சக்கரம் இருக்கறதால இது வண்டின்னுட்டாக. கடைசியில, இந்த மாதிரி எதுலயும் சேராததையெல்லாம் சேத்துக்கிறதுக்குன்னே புதுசாத் தொறந்திருக்காகன்னு ஒரு எடத்தக் காட்டிவிட்டாக. இயங்குவகைத் திறந்தமூல வன்பொருள் புத்தாக்க ஊக்குவிப்பு மையம். கட்டடத்த விடப் பலகை நீளம். மோட்டாருக்கு நாந்தான் பில்லு குடுத்தவன்கிறதால என்னையும் கூட்டிட்டுப் போனாக.

உள்ள நாற்காலியே கெடையாது. நின்னுக்கிட்டு யோசிச்சா யோசன வேகமா வருமாம். எல்லாரு கழுத்துலயும் பட்டை போட்ட அட்டை. செவுரு பூராவும் மஞ்ச, பச்ச, ரோசுத் துண்டுக் காகிதம். வாசல்ல பெருசா ஒரு கேள்வி எழுதியிருந்துச்சு: இன்று நீங்கள் எதில் தோற்றீர்கள்? காலையிலருந்து யாவாரம் ஆகாதது ஞாபகம் வந்து எனக்கே கொஞ்சம் சங்கடமாப் போச்சு.

மையத்தோட ஒருங்கிணைப்பாளர் முத்துராமலிங்கம். பெங்களூர்ல மூணு நாள் பயிற்சி எடுத்துட்டு வந்தவரு. தங்கமான மனுசன், அதச் சொல்லணும். முந்தி இருந்த ஆபீஸ்ல வர்றவுகள மட்டுந்தான் நிக்க வைப்பாரு. பயிற்சிக்கு அப்புறம் தானும் நிக்கிறாரு. நாகஜோதி எழுதிக் குடுத்த இருபத்திரெண்டு பக்கப் படிவத்த நின்னுக்கிட்டே ஒண்ணு விடாமப் படிச்சாரு. கடேசிப் பக்கத்துல நின்னுட்டாரு. 'இத்திட்டத்தின் தோல்விகளிலிருந்து தாங்கள் கற்றுக்கொண்ட பாடங்கள், குறைந்தது ஏழு.' அதுக்கு நேரா நாகஜோதி எழுதியிருந்தது: ஒன்றும் இல்லை. ஓடுகிறது.

"அம்மா, இது ஓடுறது சரி. இதுலருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

"ஓடுதுன்னு கத்துக்கிட்டேன் சார்."

"தோல்வி இல்லாம பாடம் இல்லம்மா. பாடம் இல்லாம புத்தாக்கம் இல்ல. புத்தாக்கமே இல்லாத ஒரு பொருளுக்கு நான் எப்படிச் சான்று குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

செய்யும்போது ஒரு தப்புக்கூடவா நடக்கலன்னு கேட்டாரு. நாகஜோதி யோசிச்சுப் பாத்துட்டு, செயின் ஒரு தடவ கழண்டுச்சு, மாட்டுனேன், சோத்து ஒலையில தண்ணி கொறஞ்சா ஊத்துறோம், அதையெல்லாமா எழுதி வைப்பாகன்னாக. முத்துராமலிங்கத்துக்கு மொகம் மலர்ந்துருச்சு. செயின் கழண்டதுக்குப் போட்டோ இருக்கான்னாரு. தேதி, நேரம், எடம் மூணும் அதுலயே விழுந்திருக்கணும். இல்லன்னாக. அப்படின்னா அத நிரூபிக்கப்படாத தோல்வியாத்தான் கருத முடியும்னு வருத்தத்தோட சொன்னாரு. கடேசியில, பாடம் பெறும் பொருட்டு மேற்படி கருவிய மையத்துல ஒப்படைக்கிறதுன்னு முடிவாச்சு. அடுத்த மழைக்குள்ள வேணும் சார், கொடிய வெட்டிக் கவாத்து பண்ணி விட்டிருக்கோம், தளிர் வந்துருச்சு, மழ விழுந்தா எங்க வீட்டுக்காரரு தானே எறங்குவேம்பாருன்னு நாகஜோதி ரெண்டு தடவ சொன்னாக. ஏழு பாடந்தானம்மா, கருவி ஒத்துழைச்சா ஒரே வாரம்னாரு.

கருவி ஒத்துழைக்கல.

மையத்துப் புல்லுல விட்டாக, ஓடுச்சு. சிமெண்ட் மூட்டைய ஏத்துனாக, மூட்டையோட ஓடுச்சு. மோட்டார் மேல ஒரு கொடம் தண்ணிய ஊத்துனாக. நாகஜோதி சைக்கிள் டியூப வெட்டி அதுக்கு ஒறை போட்டிருந்தாக, அதனால ஓடுச்சு. முத்துராமலிங்கம் தானே ஏறி உக்காந்தாரு. கேட்டு வரைக்கும் போய் முட்டித் திரும்பி வந்துச்சு. போற வழியில ரெண்டு பைல்ல கையெழுத்துப் போட்டாரு. பிரிவு எழுத்தர் ஜாய்ஸ் ஒவ்வொண்ணையும் பதிவேட்டுல ஏத்துனாக: முயற்சி ஒன்று, தோல்வியடையவில்லை. முயற்சி இரண்டு, தோல்வியடையவில்லை. பதினாலு வரி இப்படியே போனப்ப, சார், தோல்வியடையறதுல நாம தொடர்ந்து தோத்துக்கிட்டு இருக்கோமே, இத ஒரு பாடமா எடுத்துக்கலாமான்னு ஜாய்ஸ் கேட்டாக. நல்ல கேள்வின்னு சொல்லி, மேலிடத்துல விளக்கம் கேட்டு எழுதச் சொன்னாரு. பதில் இன்னும் வரல.

ஒம்பதாவது நாள் எனக்குப் போன் வந்துச்சு. மோட்டார் விசயத்துல ஒரு வல்லுநர் கருத்து தேவைப்படுதுன்னாக. போனேன். அங்கனதான் நான் மைக்கைப் பிடிச்சது. எரிஞ்சுபோன மோட்டார மாட்டுனா ஓடாதுன்னு சொன்னேன்.  எல்லாரும் கை தட்டுனாக.

நாகஜோதிக்கு நல்லது நடக்கணும்னுதான் சொன்னேன், சத்தியமா. பாடம் சீக்கிரம் முடிஞ்சா சான்று சீக்கிரம் வரும். எங்கிட்ட எரிஞ்ச மோட்டாரு ஒரு சாக்கு கெடந்துச்சு, எடைக்குப் போடுறதுக்கு வச்சிருந்தேன். அதுல நல்லா எரிஞ்சதா ஒண்ணப் பாத்து எடுத்துட்டுப் போய், நானே வண்டியில மாட்டிக் குடுத்தேன். எங்க யாவாரத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமான மாட்டிக் குடுத்தா, கழட்டுனது கடைக்காரனுக்கு. முப்பத்தொரு வருசக் கைப்பழக்கம். எரிஞ்சத மாட்டிட்டு, கழட்டுன நல்ல மோட்டாரப் பையில போட்டுக் கொண்டுவந்து கடைப் பலகையில வச்சுட்டேன். மூணாம் நாள் போடி மெட்டுல மழையில மாட்டிக்கிட்ட ஏலக்கா லாரிக்காரர் ஒருத்தர் வைப்பர் ஓடலன்னு வந்தாரு. எடுத்துக் குடுத்துட்டேன். என்ன செஞ்சிருக்கேன்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல.

மையத்துல சுவிட்சப் போட்டதும் பொகை வந்துச்சு. போட்டோ எடுத்தாக. தோல்வியக் கொண்டாடணும்கிறது அவுக கொள்கைங்கிறதால கேக்கு வெட்டுனாக, எனக்கும் ஒரு துண்டு குடுத்தாக. முதல் பாடம்: எரிந்த மோட்டாரைக் கொண்டு கருவியை இயக்க இயலாது. மறுநாள் பெரிய பேட்டரியாக் குடுத்துப் பாத்தாக. இரண்டாம் பாடம்: பெரிய பேட்டரி இணைத்தாலும் இயலாது. ஒயர மாத்திப் போட்டது மூணாம் பாடம். போன தடவ ஓட்டிப் பாத்தப்ப அதிகாரிக மேல தண்ணி தெறிச்சதுன்னு ஆறு நாசிலையும் தரையப் பாக்கத் திருப்பி விட்டாக. நான்காம் பாடம்: கீழ்நோக்கி அடித்தால் மேலே இருப்பதன் மீது படாது. காட்சிக் கூடத்து டைல்ஸ்ல தடம் விழுகுதுன்னு சைக்கிள் சக்கரத்தக் கழட்டிட்டு, பின்னால ஒதுக்கிப் போட்டிருந்த நாற்காலிகளோட சக்கரத்த மாட்டுனாக. அந்த ஆபீஸ்ல நாற்காலிக எதுக்காவது பிரயோஜனப்பட்டது அன்னைக்குத்தான். ஐந்தாம் பாடம்: டைல்ஸில் ஓடும் சக்கரம் மண்ணில் ஓடாது.

செவ்வாக்கெழம சாயந்தரம் கம்பம் பக்கம் மழ கொட்டுச்சு. புதன்கெழம காலையில மொதப் பஸ்ஸுல நாகஜோதி மையத்துக்கு வந்துட்டாக. நானும் அங்கனதான் இருந்தேன், ஆறாம் பாடம் சம்பந்தமா. ஒரே ஒரு நாளைக்கு வண்டியக் குடுங்க சார், அடிச்சுட்டு நானே கொண்டாந்து விட்டுர்றேன்னாக. ரெண்டு பாடந்தான் பாக்கி இருக்கும்மான்னாரு முத்துராமலிங்கம். அப்புறம் உண்மையான அக்கறையோட சொன்னாரு: "தவிரவும், இப்ப எடுத்துட்டுப் போனாலும் இது ஓடாதேம்மா."

என் மோட்டார் எங்கன்னு கேட்டாக. எல்லாரும் என்னையப் பாத்தாக. எனக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. மோட்டார் இந்நேரம் எந்த மலையில எந்தக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு இருக்கோ. வித்துட்டேன் தாயின்னு சொன்னேன்.   விடுங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு நாகஜோதி பஸ்ஸுக்குப் போயிட்டாக.

ஈஸ்வரபாண்டி எறங்குறேன்னு துண்டத் தலையில கட்டியிருக்காரு. அவர வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு நாகஜோதியே பந்தலுக்குள்ள எறங்கிட்டாக. பழக்கமில்லாத ஆளு. அர ஏக்கரு அடிக்கிறதுக்குள்ள மருந்து கண்ணுல எறங்கி, நாலு நாளைக்குக் கண்ணத் தொறக்க முடியல. அடிக்காத பக்கம் பூராவும் சாம்பல் பாஞ்சு போச்சு. கேள்விப்பட்டு எனக்குச் சோறு எறங்கல. கண்ணுக்கு ரெண்டு பாட்டில் சொட்டு மருந்து வாங்கிக் குடுத்துவிட்டேன்.

முத்துராமலிங்கம் நேர்லயே போய்ப் பாத்தாரு, பழம் வாங்கிட்டுத்தான் போனாரு. கண்ணப் போட்டோ எடுத்தாரு, தேதியும் எடமும் விழுகுற மாதிரி. ஆறாம் பாடம்: கருவி கைவசம் இல்லாதபோது கையால் அடிக்க நேரிடும். ஏழாவத ஜாய்ஸ் சொன்னாக: சான்று கோருவோர், சான்று கிடைக்கும் வரை மழையை எதிர்பார்த்தல் கூடாது. அத்தோட பைல் முழுமையடஞ்சுச்சு.

சான்றும் வந்துச்சு. நாகஜோதிக்குக் கண்ணு சரியாத் தெரியாததால நாந்தான் படிச்சுக் காட்டுனேன். 'மேற்படி கருவி எந்நிலையிலும் இயங்காத தன்மை உடையது எனவும், எனவே மின்சாரம் நுகர வாய்ப்பில்லை எனவும், ஆதலால் இலவச மின்சார விதிமீறல் எதுவும் எழவில்லை எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' மின்சார அதிகாரிக்குப் பூரண திருப்தி. எல்லாரும் இப்படிச் சட்டப்படி நடந்தா எங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்லிட்டுப் போனாரு.

ஏழு பாடமும் நூத்தி நாப்பது பக்கத்துல புஸ்தகமா வந்துச்சு. விழாவுல நாகஜோதிக்குக் கேடயம் குடுத்தாக, எனக்குச் சால்வை. பேசச் சொன்னதுக்கு நாகஜோதி, வண்டிய எப்பத் தருவீகன்னு மட்டும் கேட்டுட்டு உக்காந்துட்டாக. அடக்கமான பேச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாக. வண்டி காட்சிக் கூடத்துலதான் இருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. மாத்துனத எல்லாருக்கும் தெரியப்படுத்தணும்கிற அந்த வெளிநாட்டுக்காரன் நிபந்தனைய மையம் ஒரு எழுத்துப் பிசகாம நெறவேத்துச்சு. எரிஞ்ச மோட்டார், தரையப் பாத்த நாசில், நாற்காலிச் சக்கரம் எல்லாம் சேத்து ரெண்டாம் பதிப்புன்னு நெட்டுல ஏத்துனாக. நாகஜோதியோட மொதப் பதிப்பு, பாடங்கள் அற்றது என்கிற காரணத்தால நீக்கப்பட்டுச்சு. ரெண்டாம் பதிப்புல சொன்னபடி இம்மியும் மாறாமச் செய்யிற விவசாயிகளுக்கு, ஆகுற செலவ விடக் கூடுதலா மானியம்னு அறிவிப்பு வந்துச்சு. சாமான் பட்டியல்ல மொத வரி: எரிந்த மோட்டார், ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட வழங்குநர், திரு. ஜாஸ்பர், தேனி.

அதுக்கப்புறம் கடையில கூட்டம் பாக்கணும். தேவாரத்துலருந்து வந்தாக, சின்னமனூர்லருந்து வந்தாக. திராட்சயே இல்லாத ஜெயமங்கலத்துலருந்து வந்து, நெல்லுக்கும் உண்டான்னு கேட்டாக. வண்டியச் செஞ்சு, தோட்டத்து மூலையில நிறுத்தி, அதிகாரி வந்து மோட்டார் முறையா எரிஞ்சிருக்கான்னு மீட்டர் வச்சுப் பாத்துட்டுப் போனதும் மானியம் வந்துரும். அப்புறம் வண்டி மேல தார்ப்பாயப் போட்டு மூடிட்டு, பழையபடி அண்ணாந்து கையால அடிக்க வேண்டியதுதான். யாரும் ஒரு கொறை சொல்லல. நல்ல திட்டம் அண்ணாச்சி, இது மாதிரி வருசத்துக்கு ஒண்ணு வந்தாப் போதும்னாக.

எரிஞ்ச மோட்டார் சாக்கு பத்தே நாள்ல காலி. மோட்டாரு நாம நெனச்ச நேரத்துக்கு எரிஞ்சு குடுக்குமா. அதனால மதுரையிலருந்து நல்ல மோட்டாரா எறக்கி, கடைக்குப் பின்னால வச்சு நானே எரிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். ஒரு மோட்டாருக்கு நாலு நிமிசம். ஒரு வருச உத்தரவாதம் உண்டு. தப்பித் தவறி ஓடிருச்சுன்னா மாத்திக் குடுப்பேன். எறக்குனது எத்தன, எரிச்சது எத்தனன்னு வாரா வாரம் மையத்துக்குக் கணக்குக் காட்டணும். எனக்கும் கழுத்துல பட்டை போட்ட அட்டை வந்துருச்சு. கடையில நாற்காலிய எடுத்துட்டேன்.

இந்தப் போகம் கவாத்து முடிஞ்சு தளிர் விட்டிருந்த நேரம். ஒரு நாள் விடியக்காலம் மழ. காலையில பத்து மணிக்கு நாகஜோதி கடைக்கு வந்தாக. கண்ணு இன்னும் செவந்துதான் இருந்துச்சு. நடந்ததெல்லாம் மனசுல வச்சுக்காம, என்னைய நம்பி நேரா எங்கிட்டதான் வந்தாக. பழைய படத்த வச்சு மறுபடி ஒரு வண்டி செஞ்சுட்டேன் அண்ணாச்சி, எல்லாம் தயாரா இருக்கு, மோட்டார் ஒண்ணுதான் இல்ல, ஒரு நல்ல மோட்டார் குடுங்க, இன்னைக்கு மாட்டிட்டா நாளைக்கு விடிஞ்சதும் ஓட்டிரலாம்னாக. கண்ணு இப்படி இருக்கறதால இந்தத் தடவ அவரு என்னைய விட மாட்டேங்கிறாரு, தானே எறங்குவேன்னு மருந்தக் கரச்சு வச்சுட்டு உக்காந்திருக்காருன்னாக.

மேசை மேல எரிக்கிறதுக்குப் பதினெட்டு நல்ல மோட்டார் வரிசையா இருந்துச்சு. அதுல ஒண்ணு மேல என் கை இருந்துச்சு. எடுத்துக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் கணக்கு ஞாபகம் வந்துச்சு. பதினெட்டு எறக்கிப் பதினேழு எரிச்சா, அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு கேப்பாக.

"தாயி, எரிக்காத மோட்டார் பட்டியல்ல இல்ல. மையத்துல ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. சார் நல்ல மனுசன். ஒரே வாரத்துல குடுத்துருவாரு."

நாகஜோதிக்கு மொதல்ல புரியல. நான் வெளையாடுறேன்னு நெனச்சுச் சிரிக்கக்கூடப் பாத்தாக. நான் சிரிக்கல.

"அண்ணாச்சி, மொதல்ல நீங்கதான எனக்கு மோட்டார் குடுத்தீக."

"அப்ப எனக்கு அங்கீகாரம் இல்லையே தாயி."

தேனியில வேற கடையில அந்த மோட்டார் கெடையாது, அங்கனருந்து மதுரைக்குப் பஸ் ஏறிட்டாக. போய்ச் சேர்ந்தா, அன்னைக்கு அங்க மோட்டார் கடைக்கெல்லாம் லீவுன்னு பூட்டியிருந்துச்சாம். தெரிஞ்சவக வீட்டுல தங்கி, மறுநாள் கடை தொறந்ததும் வாங்கிக்கிட்டு மத்தியானம் தோட்டத்துக்கு வந்தாக. ஈஸ்வரபாண்டி விடிஞ்சதுமே எறங்கிட்டாரு. ஒண்ணேகால் ஏக்கரையும் ஒரு கொடி விடாம அடிச்சு முடிச்சிருந்தாரு. பாத்தவக, வேல அம்புட்டுச் சுத்தம்னாக. கடேசி வரிசைக் கல்தூணுல சாஞ்சு உக்காந்திருந்தாரு. ஆளத் தூக்கி, தேனி ஆஸ்பத்திரிக்குன்னு கார்ல ஏத்துனாக. உசுரு சின்னமனூர் தாண்டல.

நான் போயிருந்தேன். மையத்துலருந்து பெரிய மாலை வந்துச்சு. முத்துராமலிங்கம் கண்ணத் தொடச்சுக்கிட்டே நின்னாரு, அது நடிப்பு இல்ல. நாகஜோதி என்னைய ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்னு எனக்கு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கடை தொறக்கல. மூணாம் நாள் ஆளுக வாசல்ல நின்னதால தொறந்தேன்.

இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு மோட்டார் எரிச்சுக் குடுத்திருக்கேன். வாங்குனவக யாருகிட்டயும் நான் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்டதில்ல. ஓடுற மோட்டார் வேணும்னு வந்து நின்னது நாகஜோதி மட்டுந்தான். அவுககிட்டதான் கடிதம் கேட்டேன்.